வாளிகளுக்கு நடுவே விட்ட இடம்

எனக்கு விசர் பிடித்திருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு ஒருவரும் "இவ ஏன் இப்பிடிக் கத்துறா" என்று கேட்க மாட்டீர்கள். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில், ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்து வளர்ந்த நாம், இன்றைக்கு ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். காலை வணக்கம் போடுகிறோம். செத்தவீட்டுச் செய்தி போடுகிறோம். முழங்கால் நோவுக்கு வெந்தயம் சொல்கிறோம். நல்லது, நானும் போடுகிறேன். ஆனால் போன கிழமை நடந்ததற்கு எந்த வெந்தயமும் சரிவராது.

நம்முடைய முன்வீட்டுக்காரன், இப்போது லண்டன்காரன், முதலில் ஒரு செய்தி போட்டான். அவனுடைய பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் தரிப்பிடத்தில் நாலைந்து வெள்ளைக்காரப் பெடியன்கள் சுற்றி நின்று, தோல் நிறத்தைச் சொல்லி, உன் நாட்டுக்குப் போடா என்று சொல்லி, பையைப் பறித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு கறுப்பினப் பெண், ஆஸ்பத்திரி உடுப்போடு வேலைக்குப் போகப் புறப்பட்டவர், வந்து பேரனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, இவனைத் தொடுவதென்றால் என்னைத் தாண்டி வா என்றாராம். தனக்கு வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு அவனை வீடுவரை கொண்டுவந்து விட்டாராம். படித்துவிட்டு நான் அழுதேன். நீங்கள் எல்லோரும் கும்பிடுகிற கை போட்டீர்கள், நானும் போட்டேன்.

அந்தக் கும்பிட்ட கை காயவில்லை. அதே லண்டன்காரன் அதே குழுவில் எனக்கு எழுதினான்:

"அக்கா, மேல்வீட்டில இருக்கிற ஆபிரிக்கன் சோடியை மாத முடிவுக்கு முதல் எழுப்பிவிடுங்கோ. பில்டிங்கில சனம் கதைக்குதாம். பிறகு நல்ல ஆக்கள் ஒருத்தரும் வாடகைக்கு வராயினம். எனக்கு அவையோட ஒரு கோவமும் இல்லை, குறை நினைக்காதேங்கோ."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியில், எனக்கு நேர் மேலே இருப்பது லண்டன்காரன் வாங்கிவிட்ட வீடு. அதன் கதவுத் திறப்பு என்னிடம் இருக்கிறது. வாடகைக்கு ஆள் பிடித்ததும் நான்தான். அந்தப் பெடியன் கானாவிலிருந்து இங்கே ஒரு கழகத்துக்குப் பந்து விளையாட வந்தவன். மனைவி பிள்ளைத்தாச்சி, வயிறு இறங்கத் தொடங்கிவிட்டது. என்னிடம் வருமுன்பு தெகிவளையிலும் இப்படித்தான் எழுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு எந்தக் கதவைத் தட்டினாலும் "வீடு எடுபட்டுப்போச்சு". நான் திறப்பைக் கொடுத்த அன்றைக்கு அந்தப் பிள்ளை சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இனிமேல் எழும்பமாட்டேன் என்று சிரித்தாள். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் அவளை எழுப்பச் சொல்கிறான்.

அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? பலபேர் கட்டைவிரல் போட்டீர்கள். ஒருத்தி, பெயர் சொல்லமாட்டேன், "பாவம்தான், ஆனாலும் நியாயம்தானே" என்று எழுதினாள்.

பாவம்தான், ஆனாலும்! இந்த "ஆனாலும்" எங்கே படித்ததென்று எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கைப் பைப்படியில் படித்தது. புத்தளத்து அன்ரியை ஒருவருக்கும் ஞாபகமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நான் போனை எறிந்துவிடுவேன்.

ஒழுங்கையின் கடைசி வீடு அவர்களுடையது. முன்பொரு காலம் வெள்ளைக்காரன் ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கிய சனத்தின் வழிவந்தவர்கள். புத்தளப் பக்கம் ஊர். காப்பிரி என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்வார்கள், அதில் வெட்கம் ஒன்றும் அவர்களுக்கு இருக்கவில்லை. நாம் அதே சொல்லைச் சொன்னபோதுதான் அதில் வெட்கத்தைச் சேர்த்துச் சொன்னோம். அன்ரியின் புருசனுக்கு தெமட்டகொடை ரயில் யார்டில் வேலை. யார்ட் மாமா என்போம். ஒரே மகள், எனக்கு ஒத்த வயது. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் அந்த வீட்டில் போத்தலைக் கரண்டியால் தட்டும் சத்தமும், சிரட்டையை மோதும் சத்தமும், அன்ரியின் தடித்த குரலும் கேட்கும். நெத்தலி பொரிக்கும் மணம் ஒழுங்கை முழுக்க வரும். நானும் மகளும் வாசலில் இருந்து, அவளுடைய சுருட்டை முடியில் சீப்பைச் செருகிவிட்டு அது விழாமல் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று விளையாடுவோம். அவள்தான் வெல்வாள், என் தலையில் சீப்பு நிற்கவே நிற்காது. "எண்ணெய்த் தலை" என்று என்னைப் பழிப்பாள்.

பைப்படிச் சட்டம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஆள் நிற்கத் தேவையில்லை, வாளி நின்றால் போதும். விடியப் போய் வரிசையில் வாளியை வைத்துவிட்டு வந்து புட்டு அவிக்கலாம், பிள்ளையைக் குளிப்பாட்டலாம். வாளிக்குள்ள இடம் வாளிக்குத்தான். சிங்களம், தமிழ், முஸ்லிம், பறங்கி என்று எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். ஒரே ஒரு வாளிக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. விளிம்பில் சிவப்புப் பெயின்ற் அடித்த, கைபிடிக்குப் பதில் கயிறு கட்டிய தகர வாளி. அன்ரி அதை எங்கே வைத்தாலும் சற்று நேரத்தில் அது கடைசியில் நிற்கும்.

"உந்த வாளிக்குக் கால் முளைச்சிருக்கு" என்று நம்முடைய அம்மாமார் சொல்லிச் சிரிப்பார்கள். கால் முளைக்கவில்லை. ஒவ்வொருத்தரும் வரும்போது அதைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுத் தங்கள் வாளியை வைத்தார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. என் அம்மா கையால்கூடத் தொடமாட்டார், செருப்பால்தான் தள்ளுவார். அன்ரி வந்து பார்த்துவிட்டு, "சரி, சரி, நமக்கு அவசரமில்ல" என்று கடைசியில் நிற்பார்.

அதற்குப் பிறகு கலவரம் வந்தது. கோயில் மண்டபத்தில் பாய் இல்லாமல் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தோமே, அந்தக் கலவரம். வந்து பார்த்தால் எங்கள் வீட்டுக் கதவு இல்லை, அலுமாரி இல்லை, றேடியோ இல்லை. பொங்கல் பானையும் பித்தளைக் குடங்களும் மட்டும் பத்திரமாக இருந்தன. எங்கே? புத்தளத்து அன்ரியின் கட்டிலுக்குக் கீழே. நாங்கள் ஓடிய கையோடு, கள்ளன்கள் வருமுன்னர் அவரும் மகளும் சுமந்துகொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

"எடுத்துட்டுப் போங்க அக்கா. ஒண்டும் குறையல்ல" என்றார்.

அம்மா கண் கலங்கி நன்றி சொன்னார். பொய் இல்லை, உண்மையாகவே கலங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து அதே பானைகளைப் புளி போட்டு, சாம்பல் போட்டு, திரும்பவும் புளி போட்டுக் கை சிவக்க மினுக்கினார். கள்ளன் தொட்டிருந்தால் இவ்வளவு மினுக்கியிருப்பாரா தெரியாது.

கலவரம் ஓய்ந்ததும் வெயில் தொடங்கியது. மழை எட்டியும் பார்க்கவில்லை. பைப்பில் விடிய மட்டும் நூலளவாகத் தண்ணீர் வரும், வெயில் ஏற நின்றுவிடும். அப்போதுதான் அந்த அறுவான் பைப்படியில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். வேலை வெட்டி இல்லாத சண்டியன். கலவரத்தில் முன்னுக்கு நின்றவன், கட்சிக்காரரின் செல்லம். வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரு நாள் சிங்களத்தில் புதுச் சட்டம் சொன்னான்.

"தெமளு பஸ்ஸட!"

தமிழர் பின்னுக்கு. அவ்வளவுதான் சட்டம். நம்முடைய வாளிகளைக் காலால் தள்ளித்தள்ளி அன்ரியின் சிவப்பு விளிம்பு வாளிக்கும் பின்னால் கொண்டுபோய் விட்டான். பேக்கரிப் போறணைக்காரரின் பெண்சாதியைப் போல ஒன்றிரண்டு சிங்களப் பெண்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் முறை வரும்போது பைப் காற்றுத்தான் விட்டது.

யோசித்துப் பாருங்கள். அன்ரி அந்த ஒழுங்கைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவருடைய வாளி நம்முடையதற்கு முன்னால் நிற்கிறது. வேறு யாராக இருந்தாலும், "இப்ப தெரியுதா?" என்று ஒரு சொல்லாவது கேட்டிருப்பார்கள். நானாக இருந்தால் நாலு சொல் கேட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை. தன் வீட்டுக்கு ஒரு வாளி நிரப்பினார், வீட்டிலிருந்து இன்னொரு வாளியைக் கொண்டுவந்து அதையும் நிரப்பித் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். சண்டியன் பார்த்துக்கொண்டே இருந்தான். காப்பிரிச்சிக்குத் தமிழரில் என்ன பாசம் என்று சிங்களத்தில் கத்தினான். அன்ரி திரும்பியும் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, ஒவ்வொரு நாளும் கொண்டுவந்தார். ஒரு நாள் எங்களுக்கு, அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்கு என்று முறை வைத்து.

அம்மா கதவடியில் வாங்குவார். "பெரிய உபகாரம், பிள்ளை." அன்ரி போனதும் அதைக் கொண்டுபோய் வாசலில் தகரத்துக்குள் நின்ற கறிவேப்பிலைக்கு ஊற்றுவார். மிச்சம் கழிவறைக்கு. குடிக்கவும் சமைக்கவும் அப்பா புறக்கோட்டையிலிருந்து கொண்டுவர வேண்டும். அப்பா அங்கே ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதினார். வேலை முடிந்து, மண்ணெண்ணெய்த் தகரத்தில் கடைக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வருவார். தகரத்தோடு பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். தோளில் ஒரு கறுப்புத் தழும்பு, சாகும்வரை இருந்தது.

ஒரு நாள் அப்பா தகரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த மனிசி தாற தண்ணிக்கு என்ன, நஞ்சே கலந்திருக்கு?"

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. அவையின்ர வாளித் தண்ணியை அடுப்படிக்குள்ள எடுக்கேலுமே?"

"அவ குடுக்காட்டி நாங்கள் நாறிக் கிடக்கோணும்."

"நான் என்ன வேண்டாமெண்டே சொன்னனான்? வாங்கிறன்தானே!"

அப்பா அடுத்த நாளும் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த மனிதன் மேலும் எனக்குக் கோபம்தான்.

அம்மா கெட்டவர் இல்லை, அதுதான் கோதாரி. கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஊரில் எங்களுக்குக் கிணறு இருந்தது. விடுமுறைக்குப் போனால் பார்ப்பேன். கிணற்றுக் கட்டுக்கு வெளியே சில பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். அள்ளக்கூடாது, கட்டின் மேல் ஏறக்கூடாது. யாராவது அள்ளி அவர்களுடைய குடத்தில் ஊற்றும்வரை வெயிலில் நிற்க வேண்டும். அம்மா இரக்கப்பட்டு நிறைய ஊற்றுவார். தான் ஊற்றுவது தர்மம் என்றுதான் அம்மாவுக்குத் தெரியும். தனக்கு ஒருவர் ஊற்றினால் அதை என்னவென்று எடுப்பது என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒழுங்கை முழுக்கக் காய்ந்து தூசி பறந்தது. எங்கள் கறிவேப்பிலை மட்டும் கொழுகொழுவென்று துளிர்த்து நின்றது. அன்ரி ஒரு காலை தண்ணீரோடு வந்தவர் அதைப் பார்த்தார். தகரத்தின் ஈர மண்ணைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்து இழுத்துச் செருகினார். அன்ரி வாளியை அந்த மரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தாங்க அக்கா, உங்கட மரத்துக்குத் தண்ணி."

அடுத்த நாளும் வந்தார். "மரத்துக்குத் தண்ணி." அதற்கடுத்த முறையும். நக்கலா, வருத்தமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. தண்ணீர் மட்டும் தவறவில்லை. அம்மாவும் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

கயிறு அன்ரியின் யோசனை. நம்முடைய அம்மாமாரைத் தன் வாசலுக்குக் கூப்பிட்டார். எல்லோரும் வந்தார்கள், ஒருவரும் உட்காரவில்லை, அன்ரி போட்ட பாய் சும்மா கிடந்தது.

"நானும் எவ்வளவு நாளைக்குத் தூக்குறது? இடுப்பு விட்டுப் போச்சு. பாருங்க, ஒரு வாளியத் தள்ளுறது லேசி. எல்லா வாளியையும் ஒரே கயித்தில கட்டிப் போடுவம். என்டதையும் உங்கடதையும். ஒண்டத் தள்ளினா எல்லாம் இழுபடும். சத்தம் போடும். அப்ப நாமளும் சத்தம் போடுவம். ஒரு பொம்பிளைய உதைப்பான், இத்தினை பொம்பிளைய உதைப்பானா?"

யார்ட் மாமா ரயில் பெட்டிக்குப் படங்கு கட்டும் தடித்த கயிறு கொண்டுவந்திருந்தார். மகளும் நானும் அதைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முழுக்க ஓடினோம். அடுத்த நாள் விடிய, வாளிகளின் கைபிடிகளுக்குள்ளால் கயிறு போயிற்று. முதலில் அன்ரியின் வாளி, பக்கத்தில் எங்கள் வாளி, பிறகு மற்றவை.

சண்டியன் வந்தான், வழக்கம்போல ஒரு உதை விட்டான். அட, அந்தச் சத்தம்! ஒழுங்கைத் தகரம் எல்லாம் ஒன்றாகக் கத்தியது. கயிறு இழுபட்டு அவனுடைய காலிலேயே சுற்றியது. நொண்டிக்கொண்டு போய்ப் பெட்டியில் குந்தினான். அன்ரி தொண்டை திறந்து கத்த, நம்முடைய அம்மாமாரும் கத்தினார்கள். என் அம்மா கத்தியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். போறணைக்காரரின் பெண்சாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு தன் வாளியையும் கொண்டுவந்து கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் முறைக்குத் தண்ணீர் வந்தது. அன்று பின்னேரம் அன்ரி வீட்டில் ஞாயிறு இல்லாமலே போத்தல் சத்தம் கேட்டது. நான் வாழ்ந்த நாட்களில் நல்ல நாட்கள் என்று எண்ணினால் அந்தக் கயிறு கட்டிய நாட்களைத்தான் முதலில் சொல்வேன். ஒரு கிழமையும் முழுதாக இருக்கவில்லை.

கெடுத்தது சண்டியன் இல்லை.

பைப்படியில் முணுமுணுப்புத் தொடங்கியது. கயிறு நனைகிறதாம். அன்ரியின் வாளித் தண்ணீர் தளம்பி எங்கள் வாளிக்குள் தெறிக்கிறதாம். ஒரு கயிற்றில் எல்லோரும் என்றால் பிறகு ஒரு கிளாஸில் எல்லோரும் என்று வருமாம். "பாவம்தான், நல்ல மனிசிதான், ஆனாலும்..." இதைச் சொன்னது யாருடைய அம்மா என்று எனக்குத் தெரியும், போன கிழமை அதையே எழுதியவளுக்கும் தெரியட்டும்.

என் அம்மா குனிந்து அன்ரியின் வாளிக்கும் எங்கள் வாளிக்கும் நடுவிலிருந்த முடிச்சை அவிழ்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். எங்களுடைய வாளிகளைத் தனிக் கயிறாகக் கட்டினார். அன்ரியின் வாளி இரண்டையும் தனியாக. நடுவில் ஒரு சாண் இடம் விட்டார், ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க.

அன்ரி தன் வாளி பார்க்க வந்தார்.

"ஏன் அக்கா அவுத்த?"

"இல்லைப் பிள்ளை, இதுவும் அதுவும் ஒண்டுதானே. கயிறுதான் ரெண்டு. நாங்கள் எல்லாரும் சேந்துதான் நிக்கிறம்."

அன்ரி அந்த ஒரு சாண் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சண்டியனும் பெட்டியில் இருந்தபடி அதையேதான் பார்த்தான்.

எழும்பி வந்தான். அவசரமே படவில்லை. நேரே வந்து அந்த இடத்தில் காலை வைத்தான். ஒரு காலை ஊன்ற அது போதுமாயிருந்தது. மற்றக் காலால் அன்ரியின் வாளிகளை மிதித்தான். சிவப்பு விளிம்பு நசுங்கியது, அடி பிளந்தது. உதைத்த உதையில் ஒன்று பறந்து அன்ரியின் முழங்காலுக்குக் கீழே வெட்டியது. எலும்பு தெரிய இரத்தம்.

"பாத்தியா? இவங்கள் உன்னைச் சேக்கமாட்டாங்கள்" என்று சிங்களத்தில் சொன்னான். அந்த நாய் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை.

நம்முடைய அம்மாமார் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தங்கள் வாளிகளை! ஒருத்தரும் கத்தவில்லை. தனக்குத் தனக்கென்றால் சுளகு படக்குப் படக்கென்னும் என்பார்களே, அப்படி. மகள் ஓடிவந்து தாயின் காலைப் பாவாடையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் போகக் காலெடுத்து வைக்க, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்ரியை முடித்துவிட்டு அவன் எங்கள் பக்கம் திரும்பினான். கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். அறுக்க எவ்வளவு நேரம்? "தெமளு பஸ்ஸட." எல்லா வாளியும் பின்னுக்குப் போனது.

மத்தியானம் யார்ட் மாமா இரும்புக் கம்பியோடு வந்தார். அன்ரி வாசலில், காலில் துணி சுற்றியபடி இருந்தார். ஒழுங்கைக்கே கேட்கச் சொன்னார்:

"எங்க போறீங்க? யாருக்காகப் போறீங்க?"

யார்ட் மாமா கம்பியைக் கீழே போட்டார்.

அந்த மாதமே மட்டக்குளிப் பக்கம் போய்விட்டார்கள். சாமான் ஏற்றும்போது நான் சீப்பை எடுத்துக்கொண்டு போனேன், அவளுடைய சீப்பு எங்கள் வீட்டில் கிடந்தது. அவள் வாங்கினாள், வண்டியில் மறுபக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள். எங்கள் கறிவேப்பிலை ஒரு கிழமையில் சருகாயிற்று. அதற்குப் பிறகு மழை வரும்வரை அம்மா பைப்படியில் ஒதுங்கி, குடத்தோடு, யாராவது இரங்கி ஊற்றும்வரை வெயிலில் நின்றார். நான் பார்த்த இடம்தான் அது, ஊர்க் கிணற்றுக் கட்டுக்கு வெளியே. அம்மாவுக்கு அது தெரியவில்லை.

தெரியவே இல்லை என்று எனக்கு நிச்சயம். பல வருடம் கழித்து, நாங்கள் வெள்ளவத்தையில் வீடு தேடி அலைந்தபோது, அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். தமிழர் என்றால் பொலிஸ் வரும், வீண் தொல்லை என்று. அம்மா வீதியில் நின்று கத்தினார்: "எங்களையும் மனிசரெண்டு நினைக்காதுகள்! நாங்கள் என்ன பாவம் செய்தனாங்கள்?"

"அம்மா, புத்தளத்து அன்ரி" என்றேன்.

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அது வேற" என்றார்.

அது வேறாம்! அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், இனி அவரோடு சண்டை பிடிக்க முடியாது. உங்களோடு பிடிக்கலாம். நீங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்கள், போனும் கையில் இருக்கிறது.

லண்டன்காரா, நீயும் இப்போது "அக்கா, அது வேற" என்று எழுதக் கையை எடுத்திருப்பாய். எழுதாதே. உன் பேரனின் தோளில் கை போட்ட அந்த மனிசி, தனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு சாண் விடவில்லை. விட்டிருந்தால் அந்தப் பெடியன்கள் அதற்குள் காலை வைத்திருப்பார்கள். உன் பேரன் எந்தப் பையோடு, எந்த முகத்தோடு வீட்டுக்கு வந்திருப்பான் என்று நீயே யோசி. அந்த மனிசியை வீட்டுக்குள் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்தாயா? அதை நீ குழுவில் எழுதவில்லை.

மேல்வீட்டுப் பிள்ளை இப்போது படி ஏற நடுவில் நின்று மூச்சு வாங்குகிறாள். தங்களைப் பற்றிக் கட்டடத்தில் சனம் கதைக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஏறினால் சனம் லிப்டால் இறங்கிவிடுகிறது, அதனால்தான் அவள் படியால் ஏறுகிறாள். நேற்று என் கதவடியில் நின்று, "அன்ரி, நாங்கள் இருக்கலாமா, போகவேணுமா, உண்மையைச் சொல்லுங்கோ" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அன்ரி என்றுதான் கூப்பிடுகிறாள். நான் உள்ளே கூப்பிட்டு இருத்தி, தண்ணீர் கொடுத்து, இருக்கலாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

வீடு உன்னுடையது, சட்டம் உன் பக்கம், எனக்குத் தெரியும். அவர்களை எழுப்ப வேண்டுமென்றால் அதை நான் செய்யமாட்டேன். திறப்பு என்னிடம் இருக்கிறது, நீயே வந்து வாங்கிக்கொள். வரும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு வா. நீ மேலே போய்க் கதவைத் தட்டி, அந்தப் பிள்ளையை வயிற்றோடு வெளியே போகச் சொல்லும்போது, அவன் உன் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.